விரல் நிற்க ஓர் இடம்

இருபது ஆண்டுகளுக்கு முன் இணையப் பக்கங்களுக்கு ஓர் அடி இருந்தது. பத்துத் தலைப்புகளைப் பார்த்து முடித்தால் கீழே 1, 2, 3 என்று எண்கள் நிற்கும். 'அடுத்த பக்கம்' என்பதை அழுத்தினால்தான் மேற்கொண்டு போகலாம். அழுத்துவதற்கு முன் அரை நொடி மனம் கேட்டுக்கொள்ளும்: இன்னும் வேண்டுமா, போதுமா? 2006இல் ஏஸா ரஸ்கின் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர், பக்கம் முடியும் முன்பே அடுத்த பகுதி தானாக வந்து ஒட்டிக்கொள்ளும் முறையை உருவாக்கினார். பார்ப்பவருக்கு ஒரு கிளிக் மிச்சமாகட்டும் என்றுதான் செய்தார். கிளிக்கோடு அந்த அரை நொடிக் கேள்வியும் போய்விட்டது. 2018இல் பிபிசியிடம் பேசும்போது அவரே இதற்காக வருத்தப்பட்டார். அதற்குள் உலகத்தின் பெரிய செயலிகள் பலவும் அதன்மேல்தான் நின்றுகொண்டிருந்தன.

"கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வைத்துவிடுகிறேன்" என்று போனை எடுப்பவர் முக்கால் மணி நேரம் கழித்து நிமிர்வதற்கு முதல் காரணம் இதுதான். வைப்பதற்கு என்று ஓர் இடமே அங்கே கிடையாது. அவரிடம் மன உறுதி இல்லை என்று சொல்வதில் அர்த்தம் இல்லை.

இரண்டாவது காரணம் இன்னும் பழையது. 1950களில் ஹார்வர்டில் பி. எஃப். ஸ்கின்னர் புறாக்களைக் கூண்டில் வைத்து ஒரு வில்லையைக் கொத்தப் பழக்கினார். குறிப்பிட்ட முறை கொத்தினால் தானியம் நிச்சயம் என்றிருந்தபோது புறா கொத்தும், தின்னும், கொஞ்சம் ஓய்வெடுக்கும். எத்தனையாவது கொத்துக்குத் தானியம் விழும் என்று தெரியாதபடி மாற்றியதும் அந்த ஓய்வு போயிற்று. இடைவிடாமல் கொத்தியது. தானியம் வருவதையே நிறுத்திய பிறகும் வெகுநேரம் கொத்திக்கொண்டிருந்தது. ரீல்ஸ் நம்மைப் பிடித்து வைப்பதும் இதே கணக்கில்தான். பத்தில் எட்டு சப்பை. ஒன்பதாவதாக மறந்தே போயிருந்த ஒரு வடிவேலு காட்சி வரும், சிரித்துவிடுவோம். பத்தும் நன்றாக இருந்திருந்தால் திகட்டி எழுந்து போயிருப்போம். அந்த எட்டு சப்பையும் தம் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கின்றன.

சரி, செயலியை அழித்துவிட்டால் தீர்ந்ததா? இந்தக் கேள்விக்கு இந்தியா ஒரு முறை பெரிய அளவில் விடை கண்டிருக்கிறது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்ததும் டேட்டா விலை சரிந்தது. அடுத்த சில ஆண்டுகளில் டிக்டாக் ஊர் ஊராகப் பரவியது. 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு அதைத் தடை செய்தது. கோடிக்கணக்கானோரின் கையிலிருந்து ஒரே இரவில் ஒரு பழக்கம் பிடுங்கப்பட்டது. பொழுதெல்லாம் மிச்சமானதா? ஜூலையிலேயே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இங்கே வந்துவிட்டது. செப்டம்பரில் யூடியூப் தன் ஷார்ட்ஸை உலகத்திலேயே முதலில் இந்தியாவில்தான் சோதனைக்கு விட்டது. கட்டைவிரல் ஒரு நாள்கூடச் சும்மா இருந்திருக்காது. ஒரு பழக்கம் இருந்த இடத்தைக் காலியாக விட்டால் அதைப் போன்ற இன்னொன்று வந்து உட்காரும். தனி மனிதருக்கும் இதே கதைதான். இன்ஸ்டாவை அழித்தவர் இரண்டு வாரத்தில் யூடியூபில் இருப்பார்; யூடியூபையும் விட்டவர் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸை ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருப்பார்.

அந்த இடத்தில் எதை வைப்பது என்று பார்த்தால் வாசிப்புக்கு ஒரு தனி வசதி உண்டு. தோட்டம் போடலாம், நடக்கலாம், வீணை கற்கலாம், எல்லாம் நல்லவைதான். ஆனால் இரவு பதினொரு மணிக்குப் படுக்கையில் தோட்டம் போட முடியாது. பேருந்து நிறுத்தத்திலும் பல் மருத்துவரின் வாசலிலும் வீணை வாசிக்க முடியாது. போனை நோண்டுவதெல்லாம் இப்படிப்பட்ட துண்டு நேரங்களில்தான்: சாய்ந்தபடி, காத்திருந்தபடி, ஒரு கை சும்மா இருக்கும்போது. அதே நேரம், அதே இடம், அதே சாய்மானத்தில் செய்யக்கூடிய வேறு வேலை என்றால் புத்தகம் ஒன்றுதான் தோதாக இருக்கிறது. அதோடு, புத்தகத்துக்கு அத்தியாயம் முடியும் இடம் என்று ஒன்று உண்டு. அங்கே வந்ததும் அந்தப் பழைய அரை நொடிக் கேள்வி திரும்பக் கிடைக்கிறது.

ஆனால் முதல் சில நாட்கள் எரிச்சலாக இருக்கும் என்பதைத் தெரிந்துகொண்டே இறங்குங்கள். மேரியன் வுல்ஃப் என்று அமெரிக்காவில் ஒரு பேராசிரியர். வாசிக்கும்போது மூளையில் என்ன நடக்கிறது என்பதுதான் அவருடைய ஆய்வுத்துறை. பல ஆண்டுகள் திரையிலேயே வேலை பார்த்த பிறகு, தான் இளம் வயதில் விரும்பிப் படித்த ஹெர்மன் ஹெஸ்ஸேயின் பெரிய நாவல் ஒன்றை மறுபடி எடுத்தார். படிக்க முடியவில்லை. வாக்கியங்கள் நீளமாகத் தெரிந்தன, கதை நகரவில்லை, கண்கள் வரிகளைத் தாண்டித் தாண்டி ஓடின. வாசிப்பையே ஆராய்கிறவருக்கு இந்த நிலை! பிறகு அவர் நாளுக்கு இருபது நிமிடம் என்று மட்டும் வைத்துக்கொண்டு இரண்டு வாரம் தொடர்ந்தபோது பழைய நிதானம் மெல்லத் திரும்பியதாக 2018இல் வந்த தன் நூலில் எழுதியிருக்கிறார். வெகுநாள் படி ஏறாதவருக்கு இரண்டாம் மாடியில் மூச்சு வாங்குவதுபோலத்தான் இது. ஏற ஏறச் சரியாகும். மூன்றாம் பக்கத்தில் கை தானாகப் போனைத் தேடினால் "எனக்கு இனிமேல் படிக்கவே வராது" என்று முடிவுகட்டிவிட வேண்டாம்.

எந்தப் புத்தகம் என்பதில்தான் பெரும்பாலானோர் தோற்கிறார்கள். ஸ்க்ரோலை விட முடிவெடுத்தவர் நேராகப் போய் ஒரு தன்னம்பிக்கை நூலையோ, எண்ணூறு பக்க இலக்கிய நாவலையோ வாங்கி வருவார். உடம்புக்கு நல்லது என்று பாகற்காய்ச் சாறு குடிக்கும் முகத்தோடு உட்காருவார். நாலாம் நாள் அது கட்டிலுக்கு அடியில் கிடக்கும். முதல் இரண்டு மாதத்துக்கு ஒரே ஒரு தகுதி போதும்: கீழே வைக்க மனம் வரக்கூடாது. தரம், பயன், பெருமை எல்லாவற்றையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ராஜேஷ்குமாரின் க்ரைம் நாவலா, தாராளமாக. சுஜாதாவின் கணேஷும் வசந்தும் துப்பறியும் கதையா, இன்னும் நல்லது. மாத நாவல்கள் பேருந்து நிலையக் கடைகளில் தொங்கியதே, ஒரு பயணத்துக்குள் படித்து முடித்துவிட வேண்டும் என்ற கணக்கில்தான்.

இந்த விஷயத்தில் தமிழ் வாசகருக்கு ஓர் அனுகூலம் இருக்கிறது. நம்முடைய புகழ்பெற்ற நாவல்கள் பல வாரப் பத்திரிகைத் தொடராக எழுதப்பட்டவை. அடுத்த வாரம் இதழ் வாங்க வைக்கும் கொக்கி ஒவ்வொரு அத்தியாயத்தின் கடைசியிலும் மாட்டியிருக்கும். கல்கி எழுதிய 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் வந்தது. ஐந்து பாகம், 293 அத்தியாயம். மொத்தமாகப் பார்த்தால் மலைப்பு. ஒவ்வொரு அத்தியாயமாகப் பார்த்தால் பெரும்பாலும் ஒரு காப்பியும் அதற்குப் பிந்தைய சும்மா உட்காரலும் சேர்ந்த நேரம்தான். நாளுக்கு ஒன்று என்றால் பத்து மாதத்துக்குள் முடிந்துவிடும். "படம்தான் பார்த்தாயிற்றே" என்பவர்கள் முதல் பாகத்தை மட்டும் எடுத்துப் பார்க்கட்டும். ஆழ்வார்க்கடியான் பேசும் அரட்டைக்கே அந்தப் பாகம் தகும். இன்ஸ்டாகிராம் செய்வதைத்தான் கல்கியும் செய்தார் என்று ஒருவர் வாதிடலாம். கொக்கி என்ற அளவில் உண்மைதான். ஆனால் கல்கி 'தொடரும்' போட்டுவிட்டு ஒரு வாரம் உங்களைச் சும்மா விட்டுவிடுவார்.

தொடர் பிடிக்காதவர்களுக்குச் சிறுகதை. புதுமைப்பித்தனின் 'பொன்னகரம்' சில பக்கங்கள்தான். படிக்கப் பத்து நிமிடம்கூட வேண்டாம், படித்த பிறகு வேறு எதையும் தள்ளிப் பார்க்கத் தோன்றாது. அசோகமித்திரனின் 'புலிக்கலைஞன்', கி. ராஜநாராயணனின் 'கதவு', கு. அழகிரிசாமியின் 'ராஜா வந்திருக்கிறார்' எல்லாமே ஒரே உட்காரலில் முடிபவை. காத்திருக்கும் நேரத்துக்குச் சிறுகதை, படுக்கைக்குத் தொடர் நாவல் என்று இரண்டையும் வைத்துக்கொள்பவர்களுக்குப் பழக்கம் சீக்கிரம் பிடிபடுகிறது என்பது என் கணிப்பு. பிடிக்காத புத்தகத்தை முப்பதாம் பக்கத்தில் தயங்காமல் கைவிடுங்கள். ரீலைத் தள்ளிவிட ஒரு நொடி யோசிக்காத நாம் புத்தகம் என்றதும் ஏனோ கடன் பட்டவர்களாகிவிடுகிறோம்.

அடுத்தது, புத்தகம் எங்கே இருக்கிறது என்பது. அலமாரியில் என்றால் தோற்றீர்கள். கை போனைத் தேடிப் போகும் இடத்தில் புத்தகம் இருக்க வேண்டும்: தலையணைக்குப் பக்கத்தில், சோபாவின் கைப்பிடியில், அலுவலகப் பையின் வெளிப்பையில். போன் அங்கே இருக்கக்கூடாது. இரவு சார்ஜர் ஹாலில் இருக்கட்டும். "அலாரத்துக்குப் போன் வேண்டுமே" என்பது நாம் எல்லோரும் சொல்லும் சாக்கு. ஒரு சாதாரண அலாரம் கடிகாரம் அந்தச் சாக்கைத் தீர்த்துவிடும். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1990களிலேயே காட்டியது இது: "இனிமேல் நிறையப் படிப்பேன்" என்ற பொதுவான முடிவைவிட, "இரவுச் சாப்பாடு முடிந்து தட்டைக் கழுவி வைத்ததும் சோபாவில் உட்கார்ந்து புத்தகத்தைத் திறப்பேன்" என்று ஏற்கனவே நடக்கும் ஒரு வேலையோடு கோத்துச் சொல்லிக்கொள்வது பலிக்க வாய்ப்பு அதிகம். எப்போது, எங்கே என்று முன்கூட்டியே முடிவாகிவிட்டால் அந்த நேரத்தில் மனத்தோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

எத்தனை நாளில் பழக்கமாகும்? 21 நாள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அந்த எண் வந்த வழி வேடிக்கையானது. மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜன், அறுவை சிகிச்சைக்குப் பின் நோயாளிகள் தங்கள் புது முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று 1960இல் ஒரு நூலில் எழுதினார். 'குறைந்தது' உதிர்ந்துபோய் எண் மட்டும் ஊர் சுற்றுகிறது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலியும் சக ஆய்வாளர்களும் 96 பேரைப் பன்னிரண்டு வாரம் கவனித்தார்கள். மதியச் சாப்பாட்டோடு தண்ணீர் குடிப்பது, இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஓடுவது போன்று ஆளுக்கொரு பழக்கம். அது யோசிக்காமலே நடக்கும் நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள் ஆகும் என்று கணக்கிட்டார்கள். அந்தக் கணக்கில் ஆளுக்கு ஆள் இது 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. அந்த ஆய்வில் இன்னொரு நல்ல செய்தியும் உண்டு: இடையில் ஒரு நாள் விட்டுப்போனது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. உறவினர் வீட்டுக் கல்யாணத்தில் ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் எடுத்தால் போதும்.

நேரம் எவ்வளவு என்பதில் பேராசை வேண்டாம். இருபது நிமிடம். பக்கத்துக்கு இரண்டு நிமிடம் என்று வைத்தாலும் பத்துப் பக்கம். மாதம் முந்நூறு பக்கம். நடுத்தர அளவு நாவல் ஒன்று மாதா மாதம் முடியும். ஒரு மணி நேரம் என்று ஆரம்பிப்பவர்களை அடுத்த மாதம் கேட்டுப் பாருங்கள்.

போனிலும் சில வேலைகள் செய்தாக வேண்டும். ஆண்ட்ராய்டு போன்களிலும் ஐபோனிலும் 2018 முதல் எந்தச் செயலியில் எவ்வளவு நேரம் என்று காட்டும் வசதி இருக்கிறது. முதல் வாரம் எதையும் மாற்றாமல் அதை மட்டும் பாருங்கள்; எண்ணைவிட எந்த நேரத்தில் என்பது முக்கியம். உங்கள் புத்தகம் எந்த நேரத்தில் கையில் இருக்க வேண்டும் என்பதை அந்தப் பட்டியலே சொல்லிவிடும். பிறகு, மனிதர்கள் அனுப்பும் செய்தியைத் தவிர மற்ற எல்லா நோட்டிபிகேஷனையும் அணைத்துவிடலாம். இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் செயலிகளை எடுத்துவிட்டு, வேண்டும்போது பிரவுசரில் கடவுச்சொல் போட்டு உள்ளே போங்கள். அந்தக் கடவுச்சொல் தட்டும் நேரம், ரஸ்கின் எடுத்துவிட்ட அரை நொடிக்குப் பதில். யூடியூபில் வாட்ச் ஹிஸ்டரியை அழித்து நிறுத்திவைத்தால் முகப்பில் வரும் பரிந்துரைகள் மறைந்து வெறும் தேடுபெட்டி மட்டும் மிஞ்சும். சமையல் குறிப்பு தேடப் போனவர் சமையல் குறிப்போடு திரும்பி வர முடியும். டைமர் போடுவதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. 'இன்னும் 15 நிமிடம்' என்ற பொத்தான் பக்கத்திலேயே இருக்கும்போது பூட்டுக்கு மேலேயே சாவி தொங்குகிறது.

போனிலேயே படிக்கலாமா என்று கேட்பார்கள். படிக்கலாம், இணையம் தன்னளவில் பகை இல்லை. ஜெயமோகனின் 'வெண்முரசு' 2014 ஜனவரி முதல் 2020 ஜூலை வரை நாள்தோறும் ஓர் அத்தியாயமாக இணையத்தில்தான் வந்தது. 26 நாவல்கள் கொண்ட அந்த வரிசையைத் திரையிலேயே கூடவே வந்து படித்தவர்கள் உண்டு. கல்கி, புதுமைப்பித்தன் உட்பட நாட்டுடைமை ஆக்கப்பட்டவர்களின் எழுத்துகள் 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தளத்தில் இலவசம். ஈழத்து நூல்களுக்கும் பழைய இதழ்களுக்கும் 'நூலகம்' தளம். ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்தில் சிறு திரைக்கென்றே வடிவமைத்த கோப்புகள் கிடைக்கும். சிறு திரையில் ஏ4 அளவு பிடிஎஃப்பை இரு விரலால் இழுத்து இழுத்துப் படிப்பது சித்திரவதை. அதை வைத்து வாசிப்பை எடைபோட வேண்டாம். ஒரே நிபந்தனை, படிக்க வேண்டியதை முன்பே இறக்கி வைத்துக்கொண்டு, படிக்கும் நேரம் முழுக்கப் போன் ஏரோப்ளேன் மோடில் இருக்க வேண்டும். மேலிருந்து ஒரு செய்தி எட்டிப் பார்த்தால் குந்தவையும் வந்தியத்தேவனும் பாதியில் நிற்பார்கள். ஆரம்ப மாதங்களில் காகிதப் புத்தகமே மேல் என்பேன். அதற்குள் வேறு எதுவும் ஒளிந்திருப்பதில்லை.

காகிதம் என்றதும் செலவு என்று யோசிப்பவர்கள் தங்கள் சொத்து வரி ரசீதை ஒரு முறை எடுத்துப் பார்க்கலாம். சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதனின் முயற்சியால் 1948இல் மெட்ராஸ் பொது நூலகச் சட்டம் வந்தது, சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம். அதன்படி சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்தே வசூலிக்கிறார்கள். கிளை நூலகத்துக்குப் பணம் ஏற்கனவே கட்டிவிட்டோம். சென்னையில் அண்ணா நூற்றாண்டு நூலகமும் மதுரையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகமும் பார்க்க வேண்டிய இடங்கள்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் பழக்கம் வளர்ப்பதற்கு உங்கள் தெருவிலோ அடுத்த தெருவிலோ இருக்கும் கிளை நூலகமே உதவும். வைப்புத்தொகை சிறியது. வீட்டுக்கு எடுத்துவந்த புத்தகத்தில் திருப்பித் தர வேண்டிய தேதியை அச்சுக்குத்தி அனுப்புவார்கள். சொந்தப் புத்தகத்துக்கு இல்லாத ஓர் அவசரத்தை அந்தத் தேதி உண்டாக்கும். போகுமுன் ஒரு விஷயம்: கிளை நூலகங்களுக்குப் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை விடுமுறை.

ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியில் இரண்டு பை நிறைய வாங்கி வந்து அடுக்கி வைப்பது வேறொரு இன்பம். அதைக் குறை சொல்லவில்லை, வாசிப்புக் கணக்கில் சேர்க்காமல் இருந்தால் போதும். "இந்த ஆண்டு ஐம்பது புத்தகம்" என்ற சபதமும் அப்படித்தான். எண்ணிக்கைக்காகப் படிக்கத் தொடங்கினால் மெலிந்த புத்தகங்களாகத் தேடுவோம், பக்கங்களை ஓட்டுவோம். படிக்கும் புத்தகத்தின் அட்டையைக் காப்பிக் கோப்பையோடு படம் எடுத்து ஸ்டேட்டஸில் போட்டால், யார் பார்த்தார்கள் என்று பார்க்க நாலு முறை போனைத் திறப்பீர்கள். முதல் ஆறு மாதம் நீங்கள் படிப்பது யாருக்கும் தெரியாமல் இருந்தால் நல்லது. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் மட்டும் விதிவிலக்கு. அவர்கள் கண்ணில் படும்படி ஹாலில் உட்கார்ந்து படியுங்கள், எதுவும் சொல்ல வேண்டாம்.

வேலையில் நொந்துபோய், ஒரு பத்திகூட ஏறாது என்று தோன்றும் இரவுகள் வரத்தான் செய்யும். விரல் தன் பழைய வழிக்குத் திரும்புவது பெரும்பாலும் அந்த இரவுகளில்தான். அவற்றுக்கென்று தனியாக ஒன்றிரண்டு வைத்துக்கொள்ளுங்கள்: ஏற்கனவே மூன்று முறை படித்த புத்தகம், அல்லது காமிக்ஸ். 1972இல் 'இரும்புக்கை மாயாவி'யோடு சிவகாசியிலிருந்து கிளம்பிய முத்து காமிக்ஸ் இன்னமும் வந்துகொண்டிருக்கிறது. ஐந்து பக்கம் படம் பார்த்துவிட்டுத் தூங்கிப்போனால் அதையும் அன்றைய வாசிப்பாக எழுதிக்கொள்ளலாம்.